கேட்லாக்கின் ரத்த அழுத்தம்

என் அக்காளைக் கட்டியவர் என்பதால் எனக்கு அவர் அத்தான். தெருவில் மற்ற எல்லோருக்கும் கேட்லாக். எங்கள் தெரு முழுக்க வண்டிச் சாமான் கடைகளும் பட்டறைகளும்தான். அதில் இருப்பதிலேயே பெரிய கடையின் கவுண்டரில் அத்தான் இருபத்தேழு வருஷமாக நிற்கிறார். நிற்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும் சுழல் ஸ்டூல் ஒன்றில்தான் அவருடைய குடித்தனம். எழுந்திருக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை. வந்தவர் வண்டியின் பெயரையும் வருஷத்தையும் வேண்டிய சாமானையும் சொல்லி வாயை மூடுவதற்குள் அந்தச் சாமானின் எட்டு இலக்க எண்ணைச் சொல்லிவிடுவார். எந்த அடுக்கு, எத்தனையாவது வரிசை, எத்தனை மிச்சம், அதில் எந்தப் பெட்டி நசுங்கியது என்பது வரைக்கும் வந்துவிடும். ஏணி ஏறி எடுத்துக் கொடுக்க வேறு ஆட்கள் உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுச் சாமான் வேண்டுமென்றால் கழற்றிய பழசைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதற்குச் சாம்பிள் என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். கிரீஸ் வழியும் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களை எங்கள் தெருவில் எந்த நேரமும் பார்க்கலாம். அத்தான் மட்டும் சாம்பிள் கேட்க மாட்டார். யாராவது நீட்டினால் கவுண்டர் அழுக்காகும், கீழே வையுங்கள் என்பார். கடைக்கு முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டபோது, அது சொல்வது சரிதானா என்று அத்தான்தான் சரிபார்த்தார். மூன்று இடத்தில் தப்பு கண்டுபிடித்தும் கொடுத்தார்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் எனக்கு ஒரு தப்பான பிரேக் ஹோஸ் கொடுத்துவிட்டார்.

என் பட்டறை கடைக்கு நேர் எதிரே. பள்ளிக்கூட வேன் ஒன்று வேலைக்கு வந்திருந்தது. முன் இடது சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயை, அதாவது ஹோஸை, மாற்ற வேண்டும். போனில் சொன்னேன், சாமான் வந்தது, மாட்டினேன். மரை சரியாகப் பிடித்தது. ஆனால் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பார்த்தபோது ஹோஸ் கயிறு மாதிரி விறைத்தது. பழைய மாடலுக்கானது அது, இரண்டு விரல்கடை குட்டை. நான் ஒடித்துப் பார்க்காமல் விட்டிருந்தால், வேன் நிறையப் பிள்ளைகளோடு ஏதாவது ஒரு வளைவில் அது அறுந்திருக்கும்.

நான் ஒரு முன்கோபி. அதோடு வாயும் நீளம். ஹோஸைக் கையில் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து போய், பத்து பேர் நிற்கிற கவுண்டரில் அதை வைத்து, கேட்லாக்கில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது போலிருக்கிறதே என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. சரியான ஹோஸை வரவழைத்து, பெட்டியின் எண்ணை இரண்டு தரம் படித்து, என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் கேலிக்காக நான் என்னையே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கலாம் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் மறுநாளிலிருந்து அவர் சாம்பிள் கேட்க ஆரம்பித்தார். வைப்பர் பிளேடு வாங்க வந்தவரிடம்கூடப் பழசு எங்கே என்றார். வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுக்குகளின் ஓரத்தில் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள் முளைத்தன, எல்லாம் அவர் கையெழுத்து. ஒரு வாரம் கழித்து அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள். அவள் பட்டறைக்கு வருகிறாள் என்றால் வீட்டில் சொல்ல முடியாத விஷயம் என்று அர்த்தம்.

அத்தான் குளியலறையில் பழைய டெலிபோன் நம்பர்களை ஒப்பித்துக்கொண்டிருக்கிறாராம். செய்தித்தாளின் குறுக்கெழுத்தை முடிக்காமல் சாப்பிட உட்கார மறுக்கிறாராம். ஞாபக சக்திக்கு என்று விற்கிற டானிக் மூன்று பாட்டில் அலமாரியில் நிற்கிறதாம். முதலாளியிடம் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். டாக்டரிடம் போகலாம் என்றால் பிடி கொடுக்காமல் நழுவுகிறாராம்.

"அவங்க அக்காவுக்கு வந்தது தனக்கும் வந்திடுச்சுன்னு முடிவே பண்ணிட்டாருடா" என்றாள்.

அத்தானின் அக்காளை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அத்தானைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பென்சிலைத் தொடாமல் நான்கு இலக்கப் பெருக்கல் போடுவார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அல்சைமர் என்றார்கள். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மகனைச் சில நாள் அடையாளம் தெரியும், சில நாள் தெரியாது. தம்பியைத் தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவ்வளவு கணக்குப் போட்ட மூளைக்கே இந்தக் கதியென்றால், எண்களை மட்டும் மனப்பாடம் செய்த தன் மூளை எம்மாத்திரம் என்பது அத்தானின் வாதம்.

நான் வாதாடவில்லை. மறுநாள் காலை, வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும், சத்தம் கேட்டுச் சொல்லுங்கள் என்று அத்தானை ஏற்றிக்கொண்டேன். தெருமுனையில் அக்கா ஏறிக்கொண்டாள். விஷயம் புரிந்தபோது வண்டி டாக்டர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் பெயின்ட் உரிந்திருக்கும்.

டாக்டரம்மா நிதானமானவர். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்சம் கழித்துக் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். அத்தான் எல்லாவற்றையும் பிசகாமல் செய்துவிட்டு, கூடவே டாக்டரம்மா வாசலில் நிறுத்தியிருந்த காரின் பேன் பெல்ட் எண்ணையும் சொன்னார், கேட்காமலே. பிறகு டாக்டரம்மா அவர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றினார். ஒரு தரம் பார்த்தார், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். இரண்டாவது தரம் நூற்று எண்பத்திரண்டுக்கு நூற்று ஆறு.

"பிரச்சன தலையில டாக்டர். கைய எதுக்குப் பிடிக்கிறீங்க?" என்றார் அத்தான்.

"தலைக்கு ரத்தம் வேற எங்கிருந்து வருதாம்?" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். இதயம் அனுப்புகிற ரத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை மூளை வாங்கிக்கொள்கிறது. அங்கே இருக்கும் குழாய்களில் பல தலைமுடியைவிட மெல்லியவை. வருஷக் கணக்காக அழுத்தம் கூடிக் கிடந்தால் முதலில் கெடுவது அவைதான். நடு வயதில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கெட்ட கொழுப்பையும் கவனிக்காமல் விட்டவர்களுக்கு, சிகரெட்டை விடாதவர்களுக்கு, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு, மாரடைப்பும் பக்கவாதமும் மட்டுமல்ல, பின்னால் இந்த மறதி நோய் வருகிற வாய்ப்பும் அதிகம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அக்கா ஒவ்வொன்றுக்கும் அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். சிகரெட் என்றபோது என்னையும் பார்த்தாள். கடையின் பின்பக்கம் அத்தானோடு நின்று ஊதுகிறவன் நான்தான்.

தப்பு நடந்த நாளைப் பற்றியும் டாக்டரம்மா விசாரித்தார். அதற்கு முந்தைய மூன்று நாள் டீச்சருக்குக் காய்ச்சல் என்று அத்தான் அங்கே போய்ச் சரியாகத் தூங்காமல் இருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தூக்கமில்லாத எவருக்கும் அப்படி ஒரு நாள் நடக்கும், இன்றைய சோதனையில் உங்கள் தலையில் நான் கவலைப்பட ஒன்றும் இல்லை, கவலைப்பட வேண்டியது இந்த எண்தான் என்றார். அத்தானுக்கு அது போதவில்லை.

"எங்க அக்காவுக்கு வந்திருக்கு. அப்ப எனக்கும் வந்துதானே தீரும்?"

"அவங்களுக்கு வந்ததால உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூட. வந்தே தீரும்னு இல்ல. வராதுன்னு நானும் எழுதித் தரமாட்டேன். ஆனா நம்ம கைக்கு எட்டுறது நிறைய இருக்கு. உங்களுக்கு அம்பத்துமூணு வயசு. இப்ப பிடிச்சாத்தான் பிடி."

திரும்பி வரும்போது அத்தான் முன் சீட்டில் உட்கார்ந்து, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் மனசில் ஓடியது எனக்குத் தெரிந்தது. தலையில் தேள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் காலில் இருக்கிற செருப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்ற எரிச்சல். அக்கா பின்னாலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒரே வருஷத்துல மூணு பேட்டரி மாத்தின டாக்ஸிக்காரரப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே. சார்ஜ் ஏறுதான்னு பாக்காம பேட்டரி மேல பழி போடறான்னு. நீங்க மட்டும் என்ன பண்றீங்க? மூணு பாட்டில் டானிக் வாங்கி வெச்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் கழுத்து சிவந்திருந்தது. அன்றைக்கே மாத்திரை வாங்கினார்.

அத்தான் எதையும் லேசில் ஏற்றுக்கொள்ள மாட்டார், ஏற்றுக்கொண்டால் அதற்குப் பிறகு ஊரைப் படுத்தி எடுத்துவிடுவார். ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவர் வீட்டிலிருந்து கடைக்கு நடந்தார். வீட்டு மேஜையில் இருந்த உப்பு டப்பா காணாமல் போனது. ஸ்டூலைத் தூக்கி என் பட்டறையில் போட்டுவிட்டு, நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார். சாமான் எடுக்கத் தானே ஏணி ஏறினார். முதல் வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார், மூன்றாவது வாரம் ஏறி இறங்கும் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் முனகினார்கள். சிகரெட்டை விட்டார். தனியாகப் போய் ஊதுவதில் சுவாரசியம் இல்லாததால் நானும் குறைத்தேன். விட்டேன் என்று சொன்னால் அக்கா நம்ப மாட்டாள், நீங்களும் நம்ப வேண்டாம்.

வேலையை விடுகிற பேச்சு நின்றது. துண்டுச் சீட்டுகள் ஒன்றொன்றாக மறைந்தன. நான்காவது மாதம் டாக்டரம்மாவின் கருவி நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு காட்டியது. அத்தான் அந்தச் சீட்டை முதலாளி தொடங்கிப் பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் காட்டிவிட்டு, என்னிடம் சொன்னார், "சரியான சாமான் மாட்டியாச்சு மாப்ள. வேல முடிஞ்சுது."

நானும் தலையாட்டினேன். அங்கேதான் எங்கள் தொழில் புத்தி எங்கள் இருவரையும் கவிழ்த்தது. எங்களுக்கு ரிப்பேர் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. சாமானை மாற்றினோம், ஓட்டிப் பார்த்தோம், சாவியைக் கொடுத்தோம், அவ்வளவுதான். சரியாகிவிட்ட வண்டியை மறுபடி யாரும் பட்டறையில் விட மாட்டார்கள்.

அதற்கு அடுத்த மாதம் டீச்சரின் மகன், வீட்டில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், அம்மாவின் பழைய இரும்பு மேஜையை நகர்த்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். நானும் அத்தானும் போனோம். டீச்சர் பக்கத்து அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மேஜை கனத்தது. கனத்தைக் குறைக்க இழுப்பறைகளை வெளியே இழுத்தோம். கீழ் இழுப்பறை இறுகிக்கொண்டு வர மறுத்தது. நான் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினேன். இழுப்பறை பிடுங்கிக்கொண்டு வந்து, உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. எல்லாம் மாத்திரை அட்டைகள்.

பதினான்கு அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாலோ ஐந்தோ குழிகள்தான் காலி, மற்றவை அப்படியே இருந்தன. ஒவ்வொரு அட்டையும் அதற்கான மருந்துச் சீட்டோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தவை. முதல் சீட்டின் தேதி பதினெட்டு வருஷத்துக்கு முந்தையது, டீச்சருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அந்தச் சீட்டின் கீழே அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், "130/80. சரியாகிவிட்டது. நிறுத்தம்" என்று எழுதியிருந்தது. விடை வந்துவிட்டால் கணக்கு டீச்சர்கள் போடுவார்களே, அதுபோல அடியில் இரட்டைக் கோடு. அடுத்த சீட்டிலும் அதே. பதினான்கு சீட்டிலும் விடையும் இரட்டைக் கோடும் இருந்தன.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். அட்டைகளைத் தேதி வரிசைப்படி அடுக்கினார். அடுக்கி முடித்து, கடைசி அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நானும் நிறுத்திட்டேன் மாப்ள. மூணு வாரம் ஆச்சு. உங்க அக்கா எண்ணிப் பாக்குறான்னு தெனம் ஒண்ணு எடுத்து வாஷ்பேசின்ல போட்டுட்டு இருந்தேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. பக்கத்து அறையில் டீச்சர் இருப்பதுகூட மறந்து கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. என் அக்காளை யாரென்று தெரியாமல் இவர் விழிக்கப் போகும் ஒரு நாள் என் கண் முன்னால் வந்து நின்றது, அதுதான் உண்மை. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தால் நான் கத்துவேன், வேறு வித்தை எனக்குத் தெரியாது. அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, மருந்துக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டார். மேஜையை நடு அறையிலேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். வாங்கிய இடத்திலேயே தண்ணீர் கேட்டு விழுங்கினார். வீட்டுக்குப் போனதும் அக்காளிடம் வாஷ்பேசின் கதையையும் அவரே சொன்னார். அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காவது நாளிலிருந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். ஐம்பத்துமூன்று வயது ஆம்பிளை, தினமும் காலையில் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்.

அத்தான் அந்தப் பதினான்கு சீட்டுகளையும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் வைத்து, இதனால்தானா என்று கேட்டார். டாக்டரம்மா ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார். ஒருவருக்கு ஏன் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்ல யாராலும் முடியாது, இது இல்லாமலும் வந்திருக்கலாம், ஆனால் வழியைத் திறந்துவிட்ட கைகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்றார். எண் இறங்கியது மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம், நோய் விட்டுப் போனதற்கு அல்ல என்பதையும் எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். நான் அன்றைக்கு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். என் கையிலும் பட்டையைச் சுற்றினார்கள், அந்தக் கதை வேண்டாம்.

ஒரு வருஷம் முடிந்து மறுபடி எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஐந்து வார்த்தைகளும் வந்தன, கடிகாரமும் சரியாக ஓடியது. அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சொன்ன இடத்தில் நின்றன. இனிமேல் பயமில்லையே என்று முதலாளி கவுண்டரில் வைத்தே கேட்டார்.

"வந்தா வரட்டும் முதலாளி. ஆனா அதுவா நடந்து வரணும். நான் வண்டி அனுப்பிக் கூப்பிட மாட்டேன்" என்றார் அத்தான். அதைச் சொல்லும்போது அவர் ஏணியின் ஐந்தாவது படியில் நின்றுகொண்டிருந்தார். பிரேக் சாமானுக்கும் ஸ்டியரிங் சாமானுக்கும் மட்டும் இப்போதும் சாம்பிள் கேட்கிறார், கூச்சப்படாமல் கேட்கிறார். மற்றதற்கெல்லாம் பழைய திமிர் அப்படியே திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரைப் பார்க்க நடந்தே போகிறார். மூன்று கிலோமீட்டர். அக்காளின் உத்தரவுப்படி நானும் கூடப் போகிறேன். போனதும் டீச்சர் யாரென்று கேட்பார். உங்கள் தம்பி என்பார் அத்தான். எனக்குத் தம்பி இருக்கானா என்பார் டீச்சர். இருக்கான் என்று சொல்லிவிட்டு, அத்தான் ஒரு கதை சொல்வார். ஏழாம் வகுப்பில் டீச்சர்தான் அவருக்குக் கணக்கு. வீட்டுப்பாடம் செய்யாமல், அக்காதானே என்ற தைரியத்தில் வகுப்பில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாராம். அக்கா பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கால் வலிக்கிறதா என்று கேட்டு எண்ணெய் தேய்த்துவிட்டாராம், தேய்க்கும்போது அக்காதான் அழுதாராம். டீச்சர் புதுக் கதை கேட்பது போலக் கேட்பார். பெஞ்சில் ஏறுகிற இடத்தில் சிரிப்பார். எண்ணெய் தேய்க்கிற இடத்தில், பாவம் அந்தப் பொண்ணு என்பார். ஒவ்வொரு வாரமும் அதே கதை, அதே சிரிப்பு, அதே பாவம்.

போன வாரம் திரும்பும் வழியில் பொறுமையிழந்து கேட்டேவிட்டேன். நாம் படி இறங்குவதற்குள் அவர் மறந்துவிடுகிறார், பிறகு வாராவாரம் எதற்காக இதைச் சொல்கிறீர்கள் என்றேன். அத்தான் நடையைக் குறைக்கவில்லை.

"அவங்க மறந்துட்டாங்க மாப்ள. நானும் மறந்துட்டா, அது நடக்கவே இல்லன்னு ஆயிடும்ல?"